ஆ காட்டு

கறுப்பு நாடா ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது. சரியாகக் கட்டலாமென்று அம்மாவின் படத்தைத் திருப்பிய ஹே-ரன், சட்டத்தின் பின்னால் ஸ்டுடியோக்காரர் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஏப்ரல் ஒன்பது.

ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று அம்மா சொன்ன நாள் அது.

"சித்தி, சாவுக்கு வைக்கிற படத்தை அம்மா அப்பவே எடுத்துட்டாளா?"

பூன்-நம் சித்தி, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காரச் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"முகம் வாடறதுக்குள்ள எடுத்துக்கணும்னா."

"எதுக்கு வாடணும்? கீமோ முடிஞ்சு சினைப்பைப் புத்து அடங்கித்தானே இருந்துச்சு? திரும்ப வராம இருக்கத்தானே அந்த மாத்திரை!"

சித்தி சூப்பையே பார்த்தாள்.

"மார்ச்சுலயே நிறுத்திட்டாடி. போட்டா நாக்கெல்லாம் இரும்பு ருசின்னா. சந்தைக் கடையில அவ போட்ட கிம்ச்சி ஊறுகாயை உப்பு சரியில்லன்னு ரெண்டு பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. உப்பு தெரியாம எத்தனை வருஷம் இருந்து என்ன செய்யன்னு அழுதா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா."

ஹே-ரன் சியோலிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். அம்மா மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, ஆவென்று காட்டுவாள். "பாத்துக்கோ, போலீஸ்காரி!" என்று சிரிப்பாள்.

"நான் பாத்தேனே! நாக்கைத் தூக்கிக் காட்டினாளே!"

"கடைவாய்ப் பல்லு விழுந்த பள்ளம் இருந்துச்சுல்ல, அதுக்குள்ள..."

புற்று திரும்பி வந்தபோது, மாத்திரை கேட்கவில்லை என்று சொன்ன டாக்டரை, நாலு பேர் பார்க்க, "என்ன வைத்தியம் பாக்கறீங்க?" என்று கத்தியவள் ஹே-ரன். அப்போது அம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, "விடுடி" என்றாள். அதோடு சரி. அக்காவும் தங்கையுமாகச் சேர்ந்து தன்னை எவ்வளவு அழகாக ஏமாற்றியிருக்கிறார்கள்!

"இதை வயித்துல வச்சுக்கிட்டு உனக்குச் சோறு எறங்குச்சா சித்தி?"

"எறங்கல," என்றாள் சித்தி. "ஆனா அவளுக்கு எறங்குச்சுடி. அந்த வசந்தம் பூரா ருசிச்சுத் தின்னா."

வாசலில் சந்தைக்காரர்கள் நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, விழுந்து வணங்கக் காத்திருந்தார்கள். ஹே-ரன் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டுப் படத்தைப் பூக்களுக்கு நடுவே வைத்தாள். ஆனால் நகரவில்லை. முகத்தோடு முகமாகக் குனிந்தாள்.

"எங்க, ஆ காட்டு," என்றாள்.

படத்தில் அம்மா உதடு பிரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.