வேலியோரம் நின்ற வேன்

அந்த வேனை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. தி.நகர் ஜவுளிக்கடை வேன். வெள்ளை நிறம், பக்கவாட்டில் பட்டுப்புடவைப் படம். ஓட்டுவது என் கணவர் உமர் ஃபாரூக்.

நான் சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நகரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் ஓடுதளம், அங்கே ஒற்றை இன்ஜின் வைத்த குட்டி விமானம், அதில் இரண்டு இருக்கை. கல்யாணமான புதிதில் உமர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். நான் இறங்கும் நேரம் பார்த்து வேலியோரம் வேனை நிறுத்துவார். ஹெட்லைட்டை இரண்டு முறை போட்டு அணைப்பார். வா, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். மேலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஒரு மனுஷன் எனக்குக் கிடைத்தானே என்று பூரித்துப் போவேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு காலை, என்னிடம் கற்றுக்கொள்ளும் பல் டாக்டர் மதுமதியோடு பறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து மூடுபனி வந்து கீழே எல்லாவற்றையும் மூடிவிட்டது. தளத்தை நெருங்கும்போது ஜிபிஎஸ் திரையில் எங்கள் விமானத்தின் குறி அசையாமல் நின்றது. பிறகு சிக்னல் இல்லை என்று காட்டியது. பெரிய விமானத்தில் அது போனால் வேறு கருவிகள் கைகொடுக்கும். எங்களுக்குத் திசைகாட்டியும் என் கண்ணும்தான். மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கம் திருப்பலாம் என்றால், இருக்கும் இடமே தெரியாமல் பெரிய விமானங்களின் பாதையில் போய் நுழைந்துவிட்டால் என்ன செய்வது? ரேடியோவில் உதவி கேட்டிருக்கலாமே என்று இன்றைக்குத் தரையில் உட்கார்ந்து எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதற்கு என்ன.

அப்போதுதான் பனிக்குள் மங்கலாக அந்த விளக்கு தெரிந்தது. இரண்டு முறை. அதை வைத்து ஓடுதளத்தைக் கணித்து இறக்கினேன். ஓரமாகப் போய்விட்டது. முன்சக்கரம் மண்ணில் புதைந்து உடைந்தது. மதுமதிக்கு மணிக்கட்டு முறிந்தது. பல் பிடுங்கும் கை.

ஜிபிஎஸ் கருவியைச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. அவ்வளவுதான், நான் பொய்க்காரி ஆனேன். என் லைசென்ஸை முடக்கச் சொல்லி விமானத் துறைக்கு எழுதுவதா என்று பயிற்சி நிறுவனம் விசாரணை வைத்தது.

ராயப்பேட்டைச் சொந்தமெல்லாம் வீட்டுக்கு வந்து உமரைக் கொண்டாடியது. "பொண்டாட்டி உசிரக் காப்பாத்திக்கீறியே நைனா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அல்லா காப்பாத்தினான், நான் இன்னா பண்ணேன்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் பிரியாணியில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் தினமும் ஒரே பாட்டு. "மன்னிப்பு கேட்டுடு ஆஃப்ரீன். தப்பு என்னோடதுதான்னு சொல்லிடு. கொஞ்ச நாள்ல லைசென்ஸ் திரும்ப குடுத்துடுவாங்க." அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

விசாரணை நாளில் அவரே என்னை வேனில் அடையாறில் இருக்கும் நிறுவன அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். டிராபிக் பார்க்கலாம் என்று கைபேசியில் மேப்பைத் திறந்தேன். எங்கள் கோபாலபுரம் வீட்டு வாசலிலேயே நீல அம்பு நின்றது. வண்டி அபிராமபுரம் வந்தாயிற்று, அம்பு நகரவில்லை. பிறகு சிக்னல் இல்லை என்று வந்தது. பெட்ரோல் பங்கில் இன்ஜினை அணைத்தார். சற்று நேரத்தில் அம்பு சரியாகப் பங்குக்கு வந்து நின்றது. இன்ஜினைப் போட்டார். அம்பு செத்துப்போனது.

டேஷ்போர்டைப் பார்த்தேன். சிகரெட் லைட்டர் துளையில் கறுப்பாக ஒரு கட்டை, அதன் தலையில் குட்டி ஏரியல்.

"இது இன்னா?"

"சார்ஜர்."

"சார்ஜருக்கு எதுக்கு ஏரியல்?"

பிடுங்கினேன். அம்புக்கு உயிர் வந்தது.

"மொதலாளி அண்ணாச்சி வண்டில டிராக்கர் மாட்டிக்கீறாரு" என்றார் மெதுவாக. "வேல நேரத்துல உன்ன கூப்பிட வர்றது தெரிஞ்சா துரத்திடுவாரு. இத செருகினா சுத்தி ஜிபிஎஸ் சிக்னல் செத்துடும், வண்டி எங்க கீதுன்னு அவருக்குக் காட்டாது. உனக்காகத்தான் வாங்கினேன்."

"அன்னிக்கும் இது ஓடிக்கினு இருந்துச்சா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பிளேன் வரைக்கும் எட்டும்னு எப்ப தெரிஞ்சுது?"

"நீ சிக்னல் போச்சுன்னு சொன்னியே, அன்னிக்கே. வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும் ஆஃப்ரீன். என்ன உள்ள வச்சிடுவாங்க."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு பிரியாணி தின்றிருக்கிறான். தெரிந்துகொண்டு என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறான். அந்தக் கறுப்புக் கட்டையை விட அதைச் செருகிய விரல்கள்தான் எனக்கு அருவருப்பாக இருந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள் நான்.

அடையாறு அலுவலக வாசலில் வண்டி நின்றது. "மேல வந்து நடந்ததச் சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவாங்க." கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று நான் பேசியதில்லை.

"சொல்றேன். நீ முன்னால போ. வண்டிய ஓரமா உட்டுட்டு வந்துடறேன்."

நம்பிப் போனேன்.

பயிற்சித் தலைவர் விஜயராகவனின் அறையில் மதுமதியும் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். கட்டையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விஜயராகவன் அதைத் தொடக்கூட இல்லை.

"இந்த மாதிரி சாமான் இன்னைக்குக் கூட வாங்கலாம். அன்னைக்கு அந்த வேன்ல இது இருந்துச்சுன்னு யாரும்மா சொல்றது?"

"என் வீட்டுக்காரர். கீழதான் இருக்கார்."

அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "கீழ ஒரு ஆட்டோதான் நிக்குது."

உமருக்குப் போன் அடித்தேன். மணி அடித்தது, துண்டித்தான். மறுபடி அடித்தேன், அணைத்துவிட்டிருந்தான். மதுமதி என்னை ஒரு பார்வை பார்த்தார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கடை முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, நான் ஆஃப்ரீன். என் பிளேன் உடைஞ்ச அன்னிக்குக் காலைல உங்க வண்டி மேப்ல எங்க காட்டுச்சு?"

"அத ஏம்மா கேக்க? காலைலேர்ந்து ஆளையே காணல. நான் டிராக்கர்காரன்ட்ட ஒரே சண்ட. பெறவு பாத்தா உன் வீட்டுக்காரன் வேலியோரம் நின்னு உன்னக் காப்பாத்திருக்கான். பொண்டாட்டிக்காகப் போயிருக்கான், இதுல என்ன கோவிக்கன்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் வேலை போகும் என்ற பயம்கூட அவனுக்கு மிச்சம் இல்லை. அண்ணாச்சி என்றைக்கோ மன்னித்துவிட்டார். த்தூ.

விஜயராகவன் இப்போது கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப வண்டி தெரியுதா அண்ணாச்சி?"

"இப்ப பளிச்சுன்னு காட்டுதே. அடையாறு பாலம் தாண்டி வேகமாப் போய்ட்டு இருக்கான். ஏன், நீ அவன்கூட இல்லையாம்மா?"

"இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

விஜயராகவன் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "போலீசுக்குச் சொல்லியாகணும்மா. ஓட்டினவர் பேர், விலாசம் வேணும்" என்றார்.

உமர் ஃபாரூக் என்றேன். பிறகு என் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.