நம்பத் தகுந்த ஒரே ஆள்

"நோட்டீஸ் எத்தனை அடிக்கணும் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே, அடக்க ஏற்பாட்டு அலுவலகத்து ஆள் ஸ்டாமெனின் புகைப்படத்தைக் கணினியில் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

"வேணாம்" என்றாள் நெவெனா.

"வழக்கமா எல்லாரும் ஐம்பது போடுவாங்க. ஐம்பது போடட்டுமா?"

"ஒண்ணுகூட வேணாங்க."

அவன் நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்தான். சவப்பெட்டியில் பேரம் பேசுகிறவர்கள் உண்டு. மலர்வளையத்தில் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. பாதிரியார் பாட்டைச் சுருக்கமாக முடிப்பாரா என்று கேட்கிறவர்கள்கூட உண்டு. நோட்டீஸ் வேண்டாம் என்று அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னவர்கள் இதுவரை யாரும் கிடையாது. ரூசே நகரத்தில் ஒருவர் செத்துப்போனார் என்றால் வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ரொட்டிக் கடைச் சுவரிலும் அவர் படம் போட்ட தாள் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஊரே வரும்.

"அப்ப நாளைக்கு மதியம் கல்லறைக்கு யார் வருவாங்க?"

"நான் வருவேன்."

"நீங்க வருவீங்க, சரி. வேற?"

அவன் அவள் கண்களைப் பார்த்தான். எட்டு மாதமாக ஒழுங்காகத் தூங்காத கண்கள். மேற்கொண்டு கேட்காமல், "இந்தத் தொகையில இருபது நோட்டீஸ் சும்மாவே வரும். அடிச்சுத் தரேன். ஒட்டறதும் ஒட்டாததும் உங்க இஷ்டம்" என்றான்.

தாள்கள் சூடாக வெளியே வந்தன. எல்லாவற்றிலும் அப்பா ஸ்டாமென் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் பிடித்தவனையும் அவர் நம்பவில்லை போலிருக்கிறது. நெவெனா அவற்றைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

போன மாதமே அவர் சத்தியம் வாங்கிவிட்டார். "நான் போனதும் நோட்டீஸ் ஒட்டித் தொலைச்சிடாதே. ஊர்ல இருக்கிற பழைய நாணய வியாபாரி அத்தனை பேரும் அதைத்தான் தினம் படிக்கிறானுங்க. அழற மாதிரி உள்ள வந்து, என் காசுப் பெட்டி எங்க இருக்குன்னு கண்ணாலயே துழாவுவானுங்க. நீ நேரா லூபோமிர்கிட்ட போ. அவன் ஒருத்தன்தான் நம்பத் தகுந்த ஆள். பெட்டி அவன் கைக்குப் போனப்புறம் நூறு நோட்டீஸ் வேணாலும் ஒட்டிக்கோ." அப்போது அவருக்குப் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. அவள் சரி என்றாள். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

காலை ஆறு மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தார். ஏழு மணியிலிருந்து லூபோமிரின் கடை எண்ணுக்கு அடித்துப் பார்க்கிறாள். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றே வருகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது நகம் அழகுபடுத்துகிறார்கள். மிச்சமிருந்தது அப்பாவின் குறிப்பேட்டில் இருந்த வீட்டு முகவரி மட்டும்தான். அடக்கம் நாளை பன்னிரண்டு மணிக்கு. சாயங்காலத்துக்குள் ஒட்டினால்தான் நாலு பேர் படிப்பார்கள். இல்லாவிட்டால் நாற்பது வருடம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மனுஷனைக் குழிக்குள் இறக்கும்போது அவளும் குழி வெட்டுகிறவர்களும் மட்டும் நிற்க வேண்டியதுதான்.

பஸ்ஸில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினாள். முப்பத்தொரு வியாபாரிகளின் பெயர்கள். முப்பது பெயர்களின் மேல் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காரணம். 'பழைய வெண்கலக் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கெடுத்தான்.' இது நியாயம். 'ரோமானியக் காசு என்று சொல்லி வார்த்தெடுத்த போலியை விற்றான்.' இதுவும் நியாயம். அதற்குப் பிறகு போகப்போக அவருக்குப் பெரிய காரணமே தேவைப்படவில்லை. 'கேட்காமலே விலை குறைத்தான்.' 'விலை சொல்லுமுன் இருமினான்.' 'அதிகம் சிரிக்கிறான்.' 'வணக்கம் சொல்வதற்கு முன் பெட்டியைப் பார்த்தான்.' நெவெனாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. இந்த லட்சணத்தில் ஒரு மனுஷன் வாழ்ந்தால் வீட்டுக்கு யார் வருவார்கள்?

கோடு விழாத ஒரே பெயர் லூபோமிர். 'ஒரு வெள்ளிக் காசை எனக்கு விற்றான். மூன்று வாரம் கழித்து மழையில் நனைந்துகொண்டு வந்து, அது போலி, எனக்கே இன்றுதான் தெரிந்தது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனான்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதத்துக்குப் பிந்தைய நடுங்கும் கையெழுத்தில், 'ஆறு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

லூபோமிரின் வீடு ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருந்தது. அழைப்பு மணியை நோக்கிக் கை நீட்டிய நெவெனா அப்படியே நின்றுவிட்டாள். கதவில் அவர் படம் ஒட்டியிருந்தது. மை மங்காத புதுத் தாள். 'அவர் நம்மோடு இல்லாமல் ஆறு மாதங்கள்' என்று எழுதியிருந்தது. கேள்விக்குறி போட்ட அப்பாவின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மணி அடித்தாள். கறுப்பு உடுப்பில் ஒரு வயதான பெண் கதவைத் திறந்தாள்.

"யாரும்மா?"

"நான் ஸ்டாமெனோட பொண்ணு. காசு சேகரிப்பாரே, ரயில்வே ஸ்டாமென்."

அந்தப் பெண் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஓ, அந்தப் பெரிய மனுஷனோட பொண்ணா! உங்கப்பாவுக்கு இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா? என் வீட்டுக்காரர் செத்து ஆறு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை உண்டா?"

"எங்களுக்குத் தெரியவே தெரியாது அத்தை. அப்பா இன்னிக்குக் காலையில போயிட்டார்."

கிழவியின் முகம் மாறியது. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று துக்கத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தையைச் சொன்னாள். அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சமையலறையில் உட்காரவைத்து, கேட்காமலே காப்பி ஊற்றினாள். அவள் பெயர் வெலிச்கா.

"நாங்க நோட்டீஸ் எதுவும் பார்க்கலை. பார்த்திருந்தா நானாவது வந்திருப்பேன்" என்றாள் நெவெனா.

"எங்கிருந்து பார்ப்பே? ஒட்டினாத்தானே! ஒட்டவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனார் அந்த மகானுபாவர். வீட்ல சரக்கு இருக்கு, ஆம்பளை இல்லைன்னு தெரிஞ்சா வியாபாரிங்க எல்லாம் வந்து மொய்ப்பாங்களாம். நானும் என் தம்பியும் பாதிரியாரும், மூணே பேர். பாதிரியார் பாடறார், பின்பாட்டுக்கு ஆள் இல்லை. அந்த நாளை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. மனசு கேக்காமத்தான் இப்ப இதை அடிச்சு ஒட்டினேன். ஆறு மாசம் கழிச்சு யார் வரப்போறா?"

நெவெனா காப்பியைக் குடிக்காமல் கோப்பையையே பிடித்துக்கொண்டிருந்தாள். "அவரோட சரக்கையெல்லாம் யார்கிட்ட குடுத்தீங்க அத்தை? எனக்கும் ஒரு ஆள் வேணும். நம்பறாப்பல ஒருத்தர்."

"எங்கே குடுத்தேன்? அப்படியே கட்டிலுக்கு அடியில கிடக்கு. எனக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்? முப்பத்தஞ்சு வருஷம் இந்த வியாபாரத்துல இருந்தும் நம்பறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் கிடைச்சார்னு சொல்லுவார். எதுக்கு எவ்வளவு, எதை யார்கிட்ட விக்கணும்னு அவர் சொல்லுவார், நீ போய்க் கேளுன்னார்."

"யாரு?"

வெலிச்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கப்பாதாம்மா."

நெவெனா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மூணு தடவை வந்தேன்" என்றாள் வெலிச்கா. "அஞ்சு மாடி, லிஃப்ட் வேற ஓடலை. மணி அடிச்சு, கதவைத் தட்டி, பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். உள்ள கோல் ஊணி நடக்கிற சத்தம் கேக்குது. கதவு ஓட்டை வழியா யாரோ பார்க்கிறாங்கன்னும் தெரியுது. திறக்கலை. நீ வீட்ல இல்லைபோல."

நெவெனா பகல் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலையில் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அப்பா குஷியாக இருந்தது ஞாபகம் வந்தது. 'இன்னிக்கும் வந்தா அந்தக் கறுப்பு உடுப்புக்காரி. எவனோ வியாபாரி ஆள் விட்டுப் பார்க்கிறான். என்னமோ கத்தினா, காதுல சரியா விழலை. நான் மூச்சுகூட விடலையே!' என்று வாய் கோணச் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளும் சந்தோஷப்பட்டு, ரொம்பச் சாமர்த்தியம்ப்பா என்று சொல்லி, சூப் ஊட்டிவிட்டாள்.

இதை வெலிச்காவிடம் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். முடியவில்லை. அதற்குப் பதிலாக, "அவருக்குக் காது சரியாக் கேக்காது அத்தை" என்றாள். அதோடு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை. இருவரையும் நினைத்து அழுதாள். ஊரில் ஒருவரையொருவர் மட்டும் நம்பிக்கொண்டு, நடுவில் ஒரு கதவைத் திறக்காமல் செத்துப்போன இரண்டு முட்டாள் கிழவன்கள்.

வெலிச்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே மேசைமேல் இருந்த கைப்பையைப் பார்த்தாள். தாள்களின் ஓரம் வெளியே தெரிந்தது. ஒன்றை உருவிப் படித்தாள்.

"நாளைக்கா அடக்கம்? இன்னும் ஒட்டலையா நீ?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நானும்தான் பண்ணினேன்." கிழவி எழுந்து இழுப்பறையைத் துழாவினாள். பசைநாடா ஒன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எழுந்திரு. மணி மூணுதான் ஆகுது. முதல்ல ரயில்வே காலனி. அங்கதானே தெரிஞ்சவங்க இருப்பாங்க."

இருபதையும் ஒட்டினார்கள். வெலிச்கா தாளைப் பிடித்துக்கொள்ள, நெவெனா நாடாவைப் பல்லால் கடித்து ஒட்டினாள். பட்டறை வாசல், பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, கோயில் என்று பெயர் வைக்காத குறையாகப் பட்டறைக்காரர்கள் தினமும் போய் வந்த பியர்க் கடை. கடைசித் தாளை ஐந்து மாடி ஏறி வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, வழக்கப்படி கதவை அகலத் திறந்து வைத்தாள்.

எதிர்வீட்டு ஸ்லாவ்காதான் முதலில் வந்தாள். "பக்கத்துல இருக்கிறவளுக்குச் சுவரைப் பார்த்துத்தான் தெரியணுமா?" என்று திட்டிக்கொண்டே துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேகவைத்த கோதுமைக்குச் சர்க்கரை போட ஆரம்பித்தாள். பட்டறையிலிருந்து ஐந்தாறு கிழவர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அவர்களோடு வியாபாரிகளும் வந்தார்கள். அப்பா சொன்னது பொய்யில்லை. கிரில் என்பவன் துக்கம் விசாரித்த கையோடு தன் முகவரி அட்டையை நீட்டி, "அவசரமில்லைம்மா, நாளைக்கழிச்சுப் பேசலாம்" என்றான். அவன் கண் அலமாரிப் பக்கம் போய் வந்தது. இன்னொருவன், அதிகம் சிரிக்கிறான் என்று கோடு வாங்கியவன், சிரிக்காமல் கீழ்வீட்டிலிருந்து நாற்காலிகளைச் சுமந்து கொண்டுவந்து போட்டான். அவனும் அலமாரியைப் பார்த்தானோ என்னவோ. அதைக் கவனிக்க முடியாமல் நெவெனாவுக்குக் கண் செருகியது.

அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். கிழவர்கள், ஸ்டாமென் ஒருமுறை என்ஜினுக்கு அடியில் தூங்கிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெலிச்கா சமையலறையில் ஸ்லாவ்காவோடு சர்க்கரை அளவுக்குச் சண்டை போட்டாள். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பெட்டி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அதிலேயே தொங்கியது.

அவளுக்குத் தலை சாய்ந்தது. கையில் கோப்பை சரிவதும், ஒரு கை அதை மெதுவாக வாங்கிக்கொள்வதும் தெரிந்தது. யார் என்று அவள் கண் திறந்து பார்க்கவில்லை.