அறுத்த வயலுக்கு என்ன நிறம்

வேளாண் அலுவலர் ஷீபா மேடம் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பைலி சேட்டன் என் உதவி இல்லாமல், என் வரைபடத்தைப் பார்த்துத் தன் வாத்துகளுக்கு ஒரு வயலைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் படம் அவர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஏறும். இல்லையென்றால் ஆறு மாத வேலை குப்பைக்கு. நான் வாயைத் திறக்கக் கூடாது.

குட்டநாட்டில் எந்த வயல் அறுத்தாயிற்று, எது நிற்கிறது என்று கைப்பேசியில் காட்டும் படம் அது. கல்லூரியைப் பாதியில் விட்டு, வயல் தண்ணீரை இறைக்கும் மோட்டாருக்கு இராக்காவல் இருக்கிறவன் நான். அங்கே உட்கார்ந்து செய்தது.

சேட்டனுக்கு இரண்டாயிரம் வாத்துகள். இப்போது மேயும் வயலில் சிந்திய நெல் தீர்ந்துவிட்டது. மாலைக்குள் இடம் மாற்றியாக வேண்டும். படகுத்துறைப் படியில் உட்கார்ந்து, கைப்பேசியை வெயிலுக்குத் துண்டால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"பச்சைன்னா இளம் பயிரு. மஞ்சள்னா வெளைஞ்சு நிக்குது. அதுல வாத்தை விட்டா என் முதுகுலதான் அறுவடை நடக்கும்." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் காலி இல்ல மேடம். நான் வெளியூருக்கு லாரி சொல்லிடறேன்."

மஞ்சள்தான் அறுத்த வயல். ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். அவர் கண் அங்கே போகவே இல்லை. மேடம் நோட்டை மூடினார். நான் வாயைத் திறந்தேன்.

"சேட்டா, அறுத்த வயல் என்ன நிறம்?"

"சேத்து நிறம். நீ குட்டநாட்டுலதானடா பொறந்த?"

மேடம் முறைத்தார், ஆனால் தடுக்கவில்லை. மடிக்கணினியில் மஞ்சளைச் சேற்று நிறமாக்க இரண்டு நிமிடம் ஆனது. மறுபடி பார்த்தவர், "அட, இங்க மூணு கெடக்கே!" என்று ஒன்றைத் தொட்டார். பரப்பளவு, சர்வே எண், மண்ணின் புளிப்பு என்று வரிசையாக வந்தது.

"வாத்து என்ன பட்டா வாங்கவா போகுது? வாத்தை விடக் கேக்கணும்னா வயல்காரங்க சங்கச் செயலாளர் நம்பர் எங்கடா?"

"கீழ இருக்கு. தள்ளிப் பாருங்க."

"ஒரு கையில துடுப்பு, ஒரு கையில ஃபோன். எந்தக் கையால தள்ளறது? உன் தலையாலயா?"

மேடம் சிரித்துவிட்டார். எண்ணை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். தொட்டாலே அழைப்பு போகிற மாதிரி வைத்தேன்.

சேட்டன் தொட்டார். "செயலாளரே, வேற வாத்துக்கூட்டம் இறங்கிடலியே? அவன் வாத்து தின்ன வயல்ல என் வாத்து என்ன திங்கும், பேப்பரா? சரி, சரி. நாலு மணிக்கு வர்றேன்."

மற்றவர்களின் வாத்து இறங்கியிருக்கிறதா என்று படம் சொல்லாது. அது எனக்குத் தோன்றவேயில்லை. மேடம் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்.

"இதை மட்டும் சேர்த்துடு. ஆனா படம் இன்னைக்கே ஏறட்டும்."

சேட்டன் முகம் மாறியது. "இன்னைக்கேவா? ரெண்டு நாள் பொறுங்க மேடம். இந்தப் பய படம் ஒண்ணும் அவ்வளவு நல்லா இல்ல. இன்னும் நிறைய திருத்தணும்."

"இப்ப நல்லாத்தானே வேலை செஞ்சுது?"

"அதான் பயமா இருக்கு. மத்த வாத்துக்காரனுங்க பாத்துட்டா?" என்றவர், எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டாவது வயலைத் தொட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தார்.