காத்தாடி பிணமான கதை

நடிப்புக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் நாயாய்ப் பாடுபட்டவளுக்குக் கடைசியில் கிடைத்த வேடம் பிணம். நாடகம் தொடங்கும்போது செத்துக் கிடக்க வேண்டும், முடியும்போதும் செத்தே கிடக்க வேண்டும். நடுவில் ஒரு வசனம் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரோ காத்தாடி. நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் முட்டி ஆடும், வாயைத் திறந்தால் கை பறக்கும். அவளைப் பிணமாகப் போட்டது ஆசிரியரின் குசும்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குசும்பு இல்லை, அது கடைசி வாய்ப்பு. இரண்டாம் வருட முடிவில் வகுப்பில் பாதியை வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற ஆசிரியர் அவர். அதனால் மாணவர்களிடம் அவர் பெயர் கத்தரி.

"நல்லா பேசுற, நல்லா அழுற. சும்மா இருக்கத்தான் உனக்குத் தெரியல. நீ மேடையில இருந்தா பக்கத்துல நடிக்கிறவனை எவனும் பார்க்க மாட்டான். படு. ஒரு விரல் அசைஞ்சாலும் மூணாம் வருஷம் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் வருடம் இல்லையென்றால் என்ன என்பதும் தயாராக இருந்தது. அவள் அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவள். "நடிப்பு கிடிப்பு சரிவரலேன்னா சொல்லு, சூப்பர்வைசர்கிட்ட பேசி வச்சிருக்கேன்" என்று போன் செய்யும்போதெல்லாம் ஆறுதல் சொல்வாள். நீராவியும் பிளீச் வாடையும் அடைத்துக் கிடக்கும் அந்த இடத்துக்குப் போவதைவிடச் செத்தே போகலாம் என்று காத்தாடிக்குத் தோன்றும். அந்தச் சாவுதான் அவளுக்கு வரவில்லை.

சும்மா இருக்க அவளுக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே துறுதுறுப்புதான், ஆனால் போன வருடம் அண்ணன் பைக்கில் போய் அடிபட்டுச் செத்த பிறகு அது பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அசையாமல் கண்ணை மூடினால் பிணவறையில் பார்த்த அண்ணன் வந்துவிடுவான். தலை இடப்பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, வலது உள்ளங்கை ஏதோ கேட்கிற மாதிரி மேலே பார்த்திருக்க, அப்படிக் கிடந்தான்.

அம்மா அங்கே அழவில்லை. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவள் அவள். பிள்ளைகளை எழுப்பக் கால் கட்டைவிரலைப் பிடித்து ஓர் இழு இழுப்பாள். முழித்துவிட்டேன், நீ போ என்பதற்கு அடையாளமாகப் பிள்ளைகள் விரலை மட்டும் மடக்கிக் காட்டிவிட்டு மறுபடி தூங்குவார்கள். பிணவறையிலும் போர்வைக்கு வெளியே தெரிந்த அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு கண்ணு, நேரமாச்சு" என்றாள். விரல் மடங்கவில்லை. மறுபடி இழுத்தாள். காத்தாடிதான் அவளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

ஒத்திகையில் அவள் படுத்தால் இமை துடித்தது, தொண்டை ஏறி இறங்கியது. "இது தூக்கம். பிணம் தூங்காது" என்றார் கத்தரி. "நீ பார்த்த பிணம் எதுவோ அதைச் செய்."

அவள் பார்த்தது ஒன்றே ஒன்று. பல நாள் அதை விட்டு ஓடிப் பார்த்தாள். கூடப் படிக்கிறவர்கள் இரண்டு பேர் பெட்டி கட்டிய அன்றைக்கு, வேறு போக்கிடம் இல்லாமல், தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வாயைக் கொஞ்சம் திறந்தாள், வலது உள்ளங்கையை மேலே திருப்பினாள். உடம்பு கல்லாகிவிட்டது. "இதுதான். ஒரு முடிகூட மாத்தாதே" என்றார் கத்தரி. அவள் நேரே கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அண்ணனைத் திருடிவிட்டோம் என்று இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இதில் ஒரு வாய்ச்சவடாலும் விட்டு வைத்திருந்தாள். என்ன வேடம் என்று அம்மா கேட்டதற்கு, "நாடகமே என்னைச் சுத்திதாம்மா நடக்குது" என்று பெருமை அடித்திருந்தாள். பொய்யும் இல்லை. செத்தவளைச் சுற்றி நின்று சொந்தக்காரர்கள் வீட்டுக்காக அடித்துக்கொள்வதுதான் கதை. லீவு கிடைக்காது என்று அம்மா சொல்லியிருந்ததால், பிணம் என்று சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

நாடகம் நடந்தது கல்லூரியின் சின்னக் கூடத்தில். மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை, முதல் வரிசை நாற்காலிகளுக்கு எதிரிலேயே கட்டில். போர்த்திய வெள்ளைத் துணி குட்டை, பாதம் வெளியே தெரிந்தது. விளக்கு வந்தது. அவள் கண்ணை மூடி அண்ணனாகக் கிடந்தாள். பெரியண்ணன் வேடக்காரன் சண்டையை ஆரம்பித்தான்.

அப்போது கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் பிளீச் வாடை பிடித்த தொண்டையுடையது. உலகத்தில் எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். அம்மா யாரிடமோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இவ எப்பங்க எழுந்திருப்பா?" பக்கத்தில் யாரையோ கேட்டாள் அம்மா. 'உஷ்' என்றது ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்திருக்க மாட்டாளா?"

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. என்ன நடந்தாலும் நிறுத்தாதே என்பது கல்லூரிப் பாடம். பெரியண்ணன் வேடக்காரன் சமாளித்தான். "வாங்க அத்தை. இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றான். அம்மா அவனை எங்கே பார்த்தாள். கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதாள். பிணவறையில் அழாத அழுகை, ஒரு வருடமாக எங்கே வைத்திருந்தாளோ, இப்போது வெடித்துக்கொண்டு வந்தது.

நாடகம்தான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மகள் கிடந்த கட்டிலில் மகன் அல்லவா கிடந்தான்.

காத்தாடி கேட்டுக்கொண்டே செத்துக் கிடந்தாள். எழுந்து கட்டிக்கொள், எழுந்து கட்டிக்கொள் என்று நெஞ்சு அடித்தது. எழுந்தால் எல்லாம் போச்சு. பெற்றவள் கதறும்போது கண்ணைத் திறக்காத நான் என்ன ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அப்படியும் அசையாமல் கிடந்தாள். நீராவி, பிளீச், மடித்து மாளாத போர்வைகள், இவைதான் கண்ணுக்குள் ஓடின.

சலவைச் சோடாவில் வெந்து சொரசொரத்துப் போன ஒரு கை அவள் கால் கட்டைவிரலைப் பிடித்தது. ஓர் இழு இழுத்தது.

"எழுந்திரு கண்ணு, நேரமாச்சு."

கத்தரி எங்கே உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவள் பாதத்துக்கு நேர் எதிரே.

மறுபடியும் இழுத்தது. மூன்றாவது தடவை இழுக்க விட அவளால் முடியவில்லை. போனால் போகட்டும் என்று விரலை மடக்கினாள்.

அழுகை சட்டென்று நின்றது. உடனே இரண்டு கைகள் வந்து அவள் பாதத்தை முழுசாகப் பொத்தின, துணி இழுத்து மூடப்பட்டது, அம்மா மறுபடி அழத் தொடங்கினாள். "ஐயோ, போயிட்டாளே, அசைய மாட்டேங்கிறாளே" என்று ஊரைக் கூட்டினாள். மகா மட்டமான அழுகை. மூச்சு இல்லை, ஈரம் இல்லை, முதல் வருடத்துப் பையன்கூட இதைவிட நன்றாக அழுவான். துணிக்குள் அந்தக் கை மட்டும் விரலை விடவே இல்லை.

முடிந்ததும் கத்தரி வந்தார். "நீ அசையல. மூணாம் வருஷம் வா" என்றார். "அந்தம்மா யாரு? முதல்ல பிரமாதம். அப்புறம் கொஞ்சம் ஓவராப் போச்சு."

"அவங்களுக்கு நடிக்க வராது சார்."

"நாளைக்கும் நாடகம் இருக்கு. இதே மாதிரி படு."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அம்மா அவள் கையை விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. நிறுத்தத்துக்கு வந்த பிறகு, முகத்தைப் பார்க்காமல், "அவனாட்டமே படுத்திருந்த" என்றாள்.

"எனக்கு வேற யாரையும் தெரியலம்மா."

"இன்னொரு தடவை அப்படிப் படுத்த, நானே கொன்னு போட்டுடுவேன்."

"நாளைக்கும் படுக்கணும்மா. இல்லேன்னா வெளிய அனுப்பிடுவாங்க."

அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது அம்மா ஏற வேண்டிய பஸ்தான்.

"சரி," என்றாள். "தலையை மட்டும் வேற பக்கம் திருப்பிப் படு."