ஏம்பலத்துச் சுவரில் வெட்டிய பெயர்

“உம் பேருல இன்னாம்மா இருக்குது?” என்று வக்கீல் கேட்டபோது உஷாராணி கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாத்திரம் இருக்குது சார்” என்றாள். வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்கு நான்காம் நாள், ஏம்பலத்தில் அவளும் மணிவண்ணனும் கட்டிய வீட்டின் பின்சுவரில் அவள் பெயர் தானாக வெட்டிக்கொண்டு வந்தது. அன்று புதன்கிழமை. மழை இல்லை.

அவள் வக்கீலிடம் பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வாங்கும் அண்டா, குடம், தூக்கு எல்லாவற்றிலும் பாத்திரக்கடைக்காரர் சின்ன மெஷினை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார். வேறு எதிலும் யாரும் பெயர் வெட்டுவதில்லை. மனை மணிவண்ணனின் அப்பா கொடுத்தது, பத்திரமும் அவன் பெயரில். கரும்பு டிராக்டர் ஓட்டிய காசில் அவன் முன் அறையைக் கட்டினான். பின்னால் இருந்த இரண்டு அறையும் சமையற்கட்டும், உஷாராணி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டிய சம்பளத்தில் எழும்பியவை. செங்கல், சிமெண்ட் பில் எல்லாம் ஆம்பளை பெயரில் போட்டார்கள். அப்படிப் போடச் சொன்னதே அவள்தான், அதுதான் மரியாதை என்று நினைத்தாள். வீட்டில் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆனபிறகு இருவரும் சம்மதித்தே விவாகரத்து வாங்கினார்கள். தீர்ப்பில் கல்யாணம் முடிந்தது என்று இருந்தது, வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மணிவண்ணன் வீட்டை அரிகரன் என்பவருக்கு விற்கப் பேசிவிட்டு, ஆடி முடிவதற்குள் காலி செய் என்றான். கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டில் அவள் பாய் விரிக்கவும் இடம் கிடையாது.

முதல் நாள் ஒரு செங்கல் அகலத்துக்கு, பூச்சுக்கு மேலேயே, உஷாராணி என்று இருந்தது. மறுநாள் பதினோரு இடத்தில். ஒரு வாரத்தில் பின்சுவர் முழுக்கப் பாத்திரக்கடை அலமாரி மாதிரி ஆனது. முன் அறைச் சுவரில் மணிவண்ணன், மணிவண்ணன் என்று வந்தது. தண்ணீர் மோட்டாரில் இரண்டு பெயரும் வந்தன. சமையற்கட்டில் சாத்தியிருந்த ஏணியில் பக்கத்து வீட்டு ஜெயாவின் பெயர் வந்தது. “நாலு வருசமா தேடுறன், இங்கதான் இருக்குதா” என்று அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஊரில் பலர் அவரவர் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். சில வீடுகளில் பீரோவை இழுத்து எதையோ மறைத்தார்கள்.

மணிவண்ணன் இரண்டு கோட்டு வெள்ளை அடித்தான். வெள்ளை காய்ந்ததும் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுப்பராயலுவை மெஷினோடு அழைத்துவந்து, பின்சுவரில் தன் பெயரை வெட்டச் சொன்னான். வேறு ஊரில் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. மெஷின் ஓடியது, தூள் கொட்டியது. ஊதிப் பார்த்தால் உஷாராணி என்று இருந்தது. அரை நாள் முயன்றும் அப்படியே.

“மிசினு சரியாதான் ஓடுதுப்பா. முன்ரூம்புல வெட்டுனா ஒம் பேரு வருது. இங்க வரல. நா இன்னா பண்ணட்டும்?”

“ரிவர்ஸ் கியர் எதுனா இருக்குதா அதுல?”

“இது இன்னா ஒன் டிராக்டரா” என்று சுப்பராயலு ஒயரைச் சுருட்டினார்.

அந்த வாரமே அரிகரன் வீட்டைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு அறையாக நின்று படித்தார். “ஏம்பா, தெனம் காத்தால எழுந்து உஷாராணி உஷாராணின்னு சுவுத்த படிச்சினு இருந்தா எம் பொண்டாட்டி சும்மா இருப்பாளா?” என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. வேறு யாரும் வாங்கவும் வரவில்லை. ஆடி முடிந்தது. ஆவணி பத்தாம் தேதி மணிவண்ணன் பாகூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் போய் உட்கார்ந்தான். அவர் வந்து சுவரைப் பார்த்து, பெயர் இருந்தபடியே பிரித்து எழுதினார்: பின்பகுதி உஷாராணிக்கு, முன் அறை மணிவண்ணனுக்கு, மோட்டார் காலையில் அவளுக்கு, மாலையில் அவனுக்கு. இந்த மாதிரிப் பத்திரம் முன்பு எழுதியிருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்திரம் பதிவாகி வீட்டுக்கு வந்த உஷாராணி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

மணிவண்ணன் முன் அறையை வாடகைக்கு விட்டுவிட்டு மணப்பட்டுப் பக்கம் போவதாக ஏற்பாடு. சாமான் ஏற்ற அவன் குட்டியானை வண்டியோடு வரவிருந்த காலையில், உஷாராணி தையல் மெஷினைத் துடைக்கும்போது சக்கரத்துக்கு அடியில் அவன் பெயரைப் பார்த்தாள். தீபாவளிக் குலுக்கலில் விழுந்தது என்று சொல்லி ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் கொண்டுவந்து இறக்கிய மெஷின் அது. குலுக்கலில் விழுந்திருந்தால் பெயர் வந்திருக்காது, காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறான். கம்பெனி மூடியதிலிருந்து அவள் சாப்பாடு அந்த மெஷினில்தான். இருந்தாலும், சுவருக்கு ஒரு நியாயம், மெஷினுக்கு ஒரு நியாயமா என்று நினைத்தாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஊசியிலிருந்து எடுத்துவிட்டு, மெஷினைத் தரையில் கோடு விழ இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினாள்.

“ஒம் பேரு போட்டிருக்குது. ஏத்திக்கோ.”

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகி அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. மணிவண்ணன் குனிந்து பார்த்தான். கட்டைவிரலால் எழுத்தைத் தேய்த்தான். அது போகவில்லை. கட்டில், மேசை, டிராக்டர் ஜாக்கி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்தபின், தையல் மெஷினை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தான். பின் அறையில், வெளிச்சம் விழும் ஜன்னலடியில் அதை வைத்தான். ஒரு கால் ஆடியது. கீழே கிடந்த அட்டைத்துண்டை மடித்து முட்டுக் கொடுத்து, அமுக்கிப் பார்த்தான். ஆடவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறிப் போனான்.