பெண்கள் வாசல்

தொழில் அலுவலகத்து வாங்கில் ஹுஸ்னியா காலை எட்டரையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிறப்பு மலர். பளபளப்பான தாள், கனமான அட்டை. கடற்கரை வீதித் தியேட்டரின் வரலாறு. அந்தத் தியேட்டரின் பெண்கள் வாசலில் இருபத்தாறு வருசம் டிக்கெட் கிழித்தவள் அவள்.

முதலாளி மவுத்தான பிறகு, மகன் மசூர் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக மாற்றினான். திறப்பு விழாவுக்கு மலர் போட நினைத்தபோது, பழைய கதை தெரிந்தவளாக அவள் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். இரண்டு பின்னேரம் வீட்டுக்கு வந்து போனில் பதிந்துகொண்டு போனான். ஊரடங்கு போட்ட அன்று பெண்களை ஒவ்வொருவராக வீடு சேர்த்ததையும், சுனாமி அன்று கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஆட்களை மாடிக்கு ஏற்றியதையும் சொன்னாள். முடிவில், சேமலாப நிதிப் பணம் எடுக்க, அங்கே வேலை செய்ததாக ஒரு கடிதம் கேட்டாள்.

"வாப்பா உங்கட பேர வேலையாள் இடாப்புல போடல்லயே ராத்தா. இப்ப கடிதம் தந்தா என்னத்தான் வழக்குக்கு இழுப்பாங்க," என்றான் மசூர். "புத்தகத்துல எல்லாம் வரும்தானே."

ஹுஸ்னியாவுக்கு வாசிக்கத் தெரியாது. வந்த புத்தகத்தை அப்படியே கொண்டு வந்திருந்தாள்.

முறை வந்ததும் மேசைக்கு முன் உட்கார்ந்து அதை நீட்டினாள். அதிகாரி மேர்சியா பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"சுனாமிக் கதை இருக்கு உம்மா. எங்கட அம்மாவையும் அண்டைக்கு அந்த மாடியிலதான் ஏத்தினவங்க."

"நான்தான் ஏத்தின, மகள்."

"நிர்வாகம் கதவத் திறந்து விட்டதெண்டுதான் இதில கிடக்கு." மேர்சியா மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். "உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்ல."

ஹுஸ்னியா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். பெருநாள் கூட்டம். வாசலில் நெருக்கும் பெண்களை மறித்தபடி, படத்தின் ஓரத்தில் மணிக்கட்டு வரை மட்டும் தெரியும் ஒரு கை. சின்ன விரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"கதவுக்குள்ள நசுங்கின விரல் புள்ள. இது என்ட கை."

தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேர்சியா இரண்டையும் பார்த்தாள்.

"நான் நம்புறன் உம்மா."

பிறகு விண்ணப்பப் பாரத்தை அவள் பக்கம் திருப்பி, அடியில் வெறுமையாகக் கிடந்த கட்டத்தைத் தொட்டாள்.

"ஆனா இதில முதலாளிட கையெழுத்தும் சீலும் வேணும்."

ஹுஸ்னியா கையை எடுக்கவில்லை. வரிசையில் அடுத்த இலக்கத் துண்டு வைத்திருந்தவர் எழுந்து வந்து, அவள் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.