அண்ணன் இருந்த இடம்

வெளுத்த வெயில். அதன் கீழே உறைந்த புல். வட இங்கிலாந்தின் ஒரு வயலில், குழிக்குள் மண்டியிட்டு, தூரிகையால் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தேன்.

தொல்லியல் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம். படித்து முடித்ததும் சிங்கப்பூருக்குத் திரும்பி ஆறு ஆண்டு அரசாங்க வேலை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது எனக்குப் பதினெட்டு வயது.

இங்கேயே இருந்துவிடேன் என்றார் பேராசிரியர். இருக்க ஆசை. இருக்க முடியாது.

திரும்பினேன். மழைக்காலம். புதிய சாலைக்காகப் பழைய இடுகாட்டைத் தோண்டும் பிரிவில் போட்டார்கள். "எலும்பு படிச்ச பொண்ணாச்சே" என்று அதிகாரி சிரித்தார்.

இடுகாட்டின் பெயரை வீட்டில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்கதான்டி உங்கண்ணன் இருக்கான்."

எனக்கு அண்ணன் இருந்ததே தெரியாது.

இரண்டு மாதப் பிள்ளை. காய்ச்சல். அப்பா மட்டும் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவை வர விடவில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசவும் விடவில்லை. இப்போது அப்பாவும் இல்லை.

அம்மா சொன்ன அன்றிலிருந்து வீட்டில் யாரோ இருந்தார்கள்.

மழை பெய்தபோதெல்லாம் அம்மா சன்னலருகே நின்றாள். "நனையுதே" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது, பக்கத்தில் ஆள் இருப்பதுபோல் நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

இடுகாட்டுப் பதிவேட்டில் அண்ணனின் குழி எண்ணைத் தேடி எடுத்தேன். அதைத் தோண்டும் நாள், விடியற்காலை. தூறல். அம்மா முதன்முறையாக அந்த மண்ணை மிதித்தாள்.

தோண்டினார்கள். தோண்டினார்கள். மேற்பார்வையாளர் அன்பரசு நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். பச்சப்புள்ள எலும்பு இந்த மண்ணுல தங்காது."

அம்மா என்னைப் பார்த்தாள்.

குழிக்குள் இறங்கினேன். மண்டியிட்டேன். சிவந்த மண். அதன் நடுவே, முழத்துக்குச் சற்று அதிகமாக, கறுத்த மண். உடல் கரைந்த இடம் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்க்கத்தான் என்னைக் கடல்தாண்டி அனுப்பினார்களோ.

"இருக்கான்மா" என்றேன். மறுபடி சொன்னேன். "இருக்கான்."

கறுத்த மண்ணை மட்டும் இரு கையாலும் அள்ளி, வெள்ளைத் துணியில் கட்டி, அம்மாவிடம் கொடுத்தேன்.

தோண்டி எடுப்பவற்றைத் தகனம் செய்யும் இடத்துக்கு டாக்சியில் போனோம். அம்மா அதை இடது கை மடிப்பில் கிடத்தினாள். ஒரு முனைக்கு அடியில் வலது உள்ளங்கையைக் கொடுத்தாள்.

வண்டி குலுங்கியது.

"மெதுவாப் போங்க" என்றாள். "பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிக்கல."

சீன ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார்.